கிசான் ரெண்டாயிரம்: எங்கள் மையத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் பொதுச் சேவை மையம் வைத்திருக்கிறேன். 2025 நவம்பர் 19 அன்று கோவையில் பிரதமர், விவசாயிகளுக்குப் பணம் தரும் பி.எம். கிசான் திட்டத்தின் 21வது தவணையை விடுவித்தார். மறுநாள் காலை நான் கதவைத் திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மஞ்சப் பை, பைக்குள் பாஸ்புக், ஆதார், நாலாய் மடித்த சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் நகல்). ஒன்பது பேருக்கும் சந்தேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது, எனக்கு ஏன் வரவில்லை?

இத்தனை வருடம் கேட்டுப் பழகிய கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டினால் அவர்களுக்குப் பாதி அலைச்சல் குறையும்.

கிசான் பணம்னா என்னம்மா? வருஷத்துக்கு எவ்வளவு, எப்ப எப்ப வரும்?

சொந்தப் பெயரில் சாகுபடி நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு வருடத்துக்கு 6,000 ரூபாய் தருகிறது. மூன்று தவணை, தவணைக்கு 2,000. ஏப்ரல் முதல் ஜூலைக்குள் ஒன்று, ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் ஒன்று, டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் ஒன்று. இந்த நாலு மாதத்துக்குள் எந்தத் தேதியில் வேண்டுமானாலும் வரலாம். போன வருடம் இதே தேதியில் வந்ததே என்று கணக்குப் போட்டு உரத்துக்குக் கடன் சொல்லி வைக்காதீர்கள்.

2019 பிப்ரவரியில் அறிவித்தபோது 6,000தான். இன்றைக்கும் அதேதான். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு இதை 12,000 ஆக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது உத்தரவு இல்லை. அதை வைத்துக்கொண்டு "பணம் ரெட்டிப்பாகிவிட்டது" என்று ஊரில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம்.

எனக்கு ஒரு ஏக்கர்தான். அவருக்கு முப்பது ஏக்கர். ரெண்டு பேருக்கும் ஒரே ரெண்டாயிரமா?

ஆமாம். இது ஏக்கர் கணக்கில் தருகிற பணம் இல்லை, குடும்பக் கணக்கில் தருவது. முதலில் 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். 2019 ஜூன் முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நாலு ஊரில் நிலம் இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு பதிவுதான். வீட்டுமனைக்கான நத்தம் பட்டா கணக்கில் வராது.

வீட்டுக்காரருக்கு வருது. என் பேர்லயும் அம்மா வீட்டு நிலம் அரை ஏக்கர் இருக்கு. நானும் பதியலாமா?

கூடாது அக்கா. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். இந்த மூவரும் சேர்ந்து ஒரே குடும்பம், ஒரே 6,000. யாராவது ஒருவர் பெயரில் வாங்கலாம்.

18 வயது தாண்டிய மகன் தனிக் குடும்பம். அவர் பெயரில் தனியாக நிலம் இருந்தால், மற்றத் தகுதியும் சரியாக இருந்தால், ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் அவர் தனியாகப் பதியலாம்.

மருமக டீச்சர் வேலை பாக்குது. எங்களுக்கு வராதா?

மேலே சொன்ன குடும்பக் கணக்கைப் பாருங்கள். மருமகள் வேலை உங்களைத் தொடாது, உங்களுக்கு வரும். உங்கள் மகனுக்குத்தான் வராது, ஏனென்றால் அவரும் மருமகளும் ஒரு குடும்பம்.

விதிப்படி யாருக்கெல்லாம் கிடையாது என்றால்: மத்திய, மாநில அரசிலோ பொதுத்துறையிலோ வேலை பார்ப்பவர், ஓய்வு பெற்றவர், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்குபவர், கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், பதிவு செய்து தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர், இந்நாள், முன்னாள் எம்.எல்.ஏ., எம்.பி., மேயர், மாவட்ட ஊராட்சித் தலைவர். அரசு வேலையிலும் பென்ஷனிலும் கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம், அது இந்தப் பென்ஷன் கணக்கில் சேராது.

போன தடவை வந்துச்சு, இந்தத் தடவை வரலை. புதுசா ஒரு தடவை பதிஞ்சு விட்டுடும்மா.

வேண்டாம். இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பணம் நின்றால் புதிதாகப் பதியாதீர்கள், எங்கே நின்றது என்று பாருங்கள். ஒரே ஆதாரில் இரண்டாவது பதிவு ஏறாது. மனைவி பெயரில் போட்டால் ஏறிவிடும், ஆனால் பிறகு இரண்டு பேருடைய பணமும் சேர்ந்து நிற்கும்.

கிசான் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணும் போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் போட்டால் நிலவரம் தெரியும். பதிவு எண் மறந்துவிட்டால் ஆதார் எண்ணை வைத்து அங்கேயே எடுக்கலாம். அந்தப் பக்கத்தில் மூன்று வரி இருக்கும்: லேண்ட் சீடிங் (நில விவரம் சேர்ந்ததா), இ-கே.ஒய்.சி. (ஆள் நீங்கள்தான் என்று ஆதாரை வைத்து உறுதி செய்ததா), ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங் (பேங்க் கணக்கு ஆதாரோடு சேர்ந்ததா). மூன்றிலும் "யெஸ்" இருக்க வேண்டும். எதில் "நோ" இருக்கிறதோ அங்கேதான் உங்கள் பணம் நிற்கிறது.

லேண்ட் சீடிங் "நோ" என்றால் சிட்டாவும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். இ-கே.ஒய்.சி. "நோ" என்றால் எங்களைப் போன்ற மையத்துக்கு வாருங்கள். மூன்றாவது "நோ" என்றால் பேங்க். மூன்றுக்கும் மூன்று இடம் என்பது தெரியாமல் ஒரே அலுவலகத்தில் போய் நாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். தகுதி இருந்து, குறையைச் சரி செய்துவிட்டால் நின்றுபோன தவணையும் சேர்ந்து வரும். 155261 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

மெஷின்ல கை வச்சா ரேகை விழ மாட்டேங்குது. நான் என்ன பண்ண?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிக்கு மேல் நடவுக்குப் போகிற பெண்கள். முப்பது, நாற்பது வருடம் சேற்றில் நாற்றுப் பிடுங்கி, முடிச்சுக் கட்டி, நட்டுத் தேய்ந்த விரல்கள். கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தால் கோடே இருக்காது, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியதும் அவர்கள் தாங்கள் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை.

இ-கே.ஒய்.சி.யை முடிக்க மூன்று வழி இருக்கிறது. ஆதாரோடு போன் எண் சேர்ந்திருந்தால் ஓ.டி.பி. மட்டும் போதும், ரேகை வேண்டாம். போன் எண் சேரவில்லை என்றால் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். 2023 முதல் இந்த வசதி இருக்கிறது. உங்களிடம் ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு விவசாயியின் செயலியிலேயே உங்களுக்கும் செய்யலாம், அதற்கு அனுமதி உண்டு. முகத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட்டு, சொல்லும்போது கண்ணை இமைத்தால் போதும். மூன்றாவது வழி, ஆதார் மையத்துக்குப் போய்ப் பத்து விரலையும் திரும்பப் பதிவது. தேய்ந்த விரல் அங்கேயும் தேய்ந்த விரல்தான் என்பதால் முகத்தைக் காட்டுவதே நல்லது என்பது என் அனுபவம்.

பேங்க்ல கேட்டா ஆதார் லிங்க் ஆயிருக்குன்னு சொல்றாங்க. உங்ககிட்ட வந்தா "நோ"ன்னு காட்டுது. யார் சொல்றது பொய்?

யாருமே பொய் சொல்லவில்லை. ஆதார் நகலைக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று என்.பி.சி.ஐ. என்ற அமைப்பின் பதிவேட்டில் ஏற்றுவது இன்னொன்று. பேங்கில் "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று கேட்காமல், "என்.பி.சி.ஐ. மேப்பிங் பண்ணணும், டி.பி.டி. பணம் இந்தக் கணக்குக்கு வரணும்" என்று கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசு நேராகக் கணக்கில் போடும் பணம். அதற்குத் தனிப் படிவம் தருவார்கள்.

இன்னொரு விஷயம். அந்தப் பதிவேட்டில் ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான் நிற்கும், கடைசியாக ஏற்றியது எதுவோ அதுதான். எங்கள் ஊரில் ஒரு தாத்தா நாலு தவணையாகப் பணம் வரவில்லை என்று வந்தார். பார்த்தால், நகைக்கடனுக்காக வேறொரு பேங்கில் திறந்த கணக்கில் எட்டாயிரமும் அப்படியே கிடந்தது. பேங்குக்கு அலைய முடியாதவர்கள் தபால்காரரிடம் சொன்னால் அஞ்சல் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கை வீட்டுக்கே வந்து திறந்து ஆதாரோடு சேர்த்துத் தருவார்.

ஆதார்ல பழனியம்மாள், பாஸ்புக்ல பளனியம்மா. இதுக்காடா பணத்தை நிறுத்துவாங்க?

பதிவு செய்யும்போதும் திருத்தம் செய்யும்போதும் இது தடையாகும் பாட்டி. தமிழில் ஒரே பெயர்தான். இங்கிலீஷில் ஒரு இடத்தில் ழகரத்துக்கு இரண்டு எழுத்து, இன்னொரு இடத்தில் ஒரே எழுத்து. ஒரு இடத்தில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பிறகு வீட்டுக்காரர் பெயர். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இணையதளத்தில் ஆதாரில் உள்ளபடி பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதை நாங்களே செய்து தருவோம்.

ஒரே பட்டாவுல அண்ணன் தம்பி மூணு பேர் பேரும் இருக்கு. ஒருத்தருக்குத்தானே வரும்?

இல்லை, மூன்று பேருக்கும் வரும். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் இருந்து, உங்கள் பங்கில் சாகுபடியும் நடந்தால் நீங்கள் தனியாகப் பதியலாம். ஒவ்வொருவரும் தனிக் குடும்பமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் ஏற்கனவே வாங்குகிறார் என்பதற்காகத் தம்பியைத் திருப்பி அனுப்பினால், கூட்டுப் பட்டாவைக் காட்டி மறுபடி கேளுங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருக்கு. தாத்தா செத்தே இருபது வருஷம் ஆச்சு. நாங்கதான் உழுவுறோம். எங்களுக்குக் கிடைக்காதா?

பட்டாவில் பெயர் ஏறாதவரை கிடைக்காது. கேட்கும்போதே தொண்டை அடைக்கும், ஆனால் வளைத்துச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. எங்கள் பக்கம் பணம் வராமல் இருப்பதற்குப் பெரிய காரணம் ஆதாரும் இல்லை, பேங்கும் இல்லை. செத்துப்போனவர் பெயரிலேயே கிடக்கும் பட்டாதான். கிசான் பணம் மட்டுமா, கூட்டுறவுக் கடன், மானியத்தில் மோட்டார், சொட்டுநீர்க் குழாய் எல்லாமே அதே கதவில்தான் போய் முட்டும்.

செய்ய வேண்டியது இது. தாத்தாவின் இறப்புச் சான்று, அப்புறம் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, அப்புறம் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம். இறப்பை அந்தக் காலத்தில் யாரும் பதியவே இல்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்கித்தான் பதிய வேண்டும், கொஞ்சம் நாளாகும். தாத்தாவின் வாரிசு யாராவது இறந்திருந்தால் அவருடைய சான்றுகளும் வேண்டும். இப்படிச் சங்கிலி நீளும் என்பதால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், தள்ளிப்போட்டால் சங்கிலி இன்னும் நீளும்.

இதில் இரண்டு சங்கதி சொல்ல வேண்டும். ஒன்று, அத்தைகளை மறைக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே அதற்குச் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. "கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு" என்று வாரிசுப் பட்டியலில் விட்டுவிட்டால் பின்னால் ஒரே ஒரு ஆட்சேபணை மனுவில் எல்லாம் நின்றுவிடும். அத்தைக்கு நிலம் வேண்டாம் என்றால் அவரே மனமுவந்து விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கட்டும். இரண்டு, கிசானுக்காக அவசரமாகப் பாகம் பிரிக்க வேண்டியதில்லை. சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்வது தனி வேலை, நாள் பிடிக்கும். வாரிசுகள் எல்லோர் பெயரையும் கூட்டுப் பட்டாவாக ஏற்றினாலே போதும், முன்னால் சொன்னபடி ஒவ்வொருவரும் பதியலாம். வருடா வருடம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும்போது மனுக் கொடுப்பதும் நல்ல வழிதான்.

நான் 2021ல சொந்தக் காசுல நிலம் வாங்கினேன். பத்திரம், பட்டா எல்லாம் பக்கா. ஏன் தள்ளிட்டாங்க?

நிலம் 2019 பிப்ரவரி 1க்கு முன் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு வாங்கிய நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் மேலே தாத்தா பட்டாக் கேள்விக்குப் பெயர் மாற்றச் சொன்னேன்.

இதில் ஒரு குழி இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் அது வாரிசு வழி வந்ததாக ஆகாது. மகனுக்குத் தேதி இடிக்கும், அப்பாவிடம் நிலம் மிச்சம் இல்லை, ஆக இரண்டு பேருக்குமே நின்றுவிடும். எழுதுவதும் எழுதாததும் உங்கள் குடும்ப விஷயம். தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

2025 இறுதியில் இப்படி 2019க்குப் பிறகு நிலம் வந்தவர்கள், கணவன் மனைவி இருவருமே வாங்குகிறவர்கள் என்று சந்தேகப்பட்ட பதிவுகளை நிறுத்தி வைத்து நேரில் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். தகுதி உள்ளவர்கள் பெயரும் அதில் மாட்டியிருக்கிறது. வாரிசு வழி வந்த நிலம் என்றால் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் உதவி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள்.

தனி அடையாள எண்ணுன்னு புதுசா ஒண்ணு கேக்குறாங்களே, அதுவும் எடுக்கணுமா?

எடுத்துவிடுங்கள். ஆதாரையும் உங்கள் பெயரில் உள்ள எல்லாப் புல எண்களையும் (சர்வே நம்பர்) சேர்த்து விவசாயிக்கு ஒரு எண் தருகிறார்கள். 2025 தொடக்கத்திலிருந்து ஊர் ஊராக முகாம் போட்டார்கள், பொதுச் சேவை மையங்களிலும் பதியலாம். இதற்குக் காசு கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பதியும்போது ஒரு புல எண்ணும் விட்டுப் போகாமல் சிட்டாவை வைத்துச் சரிபாருங்கள்.

வாட்ஸ்அப்ல "பிஎம் கிசான்"னு ஒரு ஃபைல் வந்துச்சு. தொட்டா பணம் வருமாமே?

தொடாதீர்கள். அந்த மாதிரி ஏ.பி.கே. ஃபைல் போனுக்குள் போனால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை எல்லாம் வேறு எவனோ படிப்பான். கணக்கில் இருக்கும் காசும் போகும். செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். யார் போன் பண்ணினாலும், நான் என்று சொல்லிப் பண்ணினாலும்கூட, ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

வாங்கின பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு. கட்டித்தான் ஆகணுமா?

முதலில் எந்தக் காரணத்துக்கு என்று பாருங்கள். வருமான வரி கட்டியவர், அரசு ஊழியர், இரட்டைப் பதிவு என்றால் கட்டத்தான் வேண்டும். இணையதளத்திலேயே திருப்பிச் செலுத்த வசதி இருக்கிறது, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இனிமேல் எனக்கு வேண்டாம் என்று தானாக விட்டுக்கொடுக்கவும் அங்கே வழி உண்டு. காரணம் தவறு என்றால் எழுத்து மூலம் பதில் கொடுங்கள். கையால் ஒரு பக்கம் எழுதி, வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு மோசடிக்கும் அதில் பங்கு உண்டு. 2020ல் கொரோனா நேரத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உட்பட 13 மாவட்டங்களில் நிலமே இல்லாத ஆட்களையெல்லாம் விவசாயி என்று பதிந்து சுமார் 110 கோடி ரூபாய் போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்த ஊழியர்களும் இடைத்தரகர்களும் கைதானார்கள். பணத்தைத் திரும்ப வசூலிக்க அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். அதில் பெயர் கொடுத்த ஏழைகள் பலருக்கு எந்தத் திட்டத்தில் பெயர் கொடுக்கிறோம் என்பதே தெரியாது. கொரோனா உதவி என்று சொல்லி ஆதாரை வாங்கியிருந்தார்கள். ஆதார் நகலை யார் கேட்டாலும் எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நிலம் கோயில் நிலம். நாலு தலைமுறையா நாங்கதான் குத்தகைக்குச் சாகுபடி. எங்களுக்கு ஏன் இல்லை?

இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் எனக்கே பிடிக்காத பதில். நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் இந்தத் திட்டம். கோயில், மடம், டிரஸ்ட் நிலமாக இருந்தாலும், வெளியூரில் இருக்கிற மிராசுதாரின் நிலமாக இருந்தாலும் குத்தகைதாரருக்குக் கிடையாது. 1969ஆம் வருடச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருந்தாலும் கிசானுக்கு அது செல்லாது. நம் டெல்டாவில் கோயில், மட நிலம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். வரப்பில் கால் வைக்காதவருக்கு வருகிறது, சேற்றில் நிற்கிறவருக்கு வரவில்லை. இது சரியில்லை. ஆந்திராவில் மாநில அரசுத் திட்டத்தில் குத்தகை விவசாயிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள், ஒடிசாவில் நிலம் இல்லாதவர்களையும் சேர்த்தார்கள். வழி இல்லாமல் இல்லை. கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் குத்தகைதாரருக்கு உள்ளதையாவது விட்டுவிடாதீர்கள். பயிர்க் காப்பீட்டில் உங்கள் பெயரிலேயே சேரலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வெள்ளத்தில் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் போனால் அரசு தரும் நிவாரணக் கணக்கெடுப்பில் சாகுபடி செய்கிறவர் பெயர் வர வேண்டும் என்று கணக்கெடுக்க வரும்போதே வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் அடிப்படை அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற வி.ஏ.ஓ. கணக்கு. அதில் சாகுபடிதாரர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பா காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15, அந்த வாரம் எங்கள் மையத்தில் நிற்க இடம் இருக்காது. நடவு முடிந்த கையோடு அடங்கலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.